அப்பத்தாவின் வேதப்புத்தகமும் ரோமாபுரிப் பட்டியலும்

காலை நடைக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். எல்லாருமே பென்ஷன்காரர்கள். தோல் ஷாப்பில் கணக்கு எழுதியவர் ஒருவர், மின்வாரியத்தில் இருந்தவர் ஒருவர், வாத்தியார்கள் இரண்டு பேர், அப்புறம் நூலகராக இருந்து ஓய்வு பெற்ற நான். நடப்பது அரை மணி நேரம், டீக்கடையில் உட்கார்ந்து பேசுவது முக்கால் மணி நேரம்.

போன மாதம் ஒருநாள் பேகம்பூர் பாய் திடீரென்று கேட்டார்: "ஏன் சார், எத வாசிக்கலாம், எத வாசிக்கக் கூடாதுன்னு ஒங்க போப்பாண்டவர் லிஸ்ட்டே போட்டு வச்சிருந்தாராமே, நெசமா? நீங்க லைப்ரேரியன் வேற. அந்த லிஸ்ட்டப் பாத்துத்தான் புத்தகம் வாங்குனீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை. அந்தப் பட்டியல் ஒருமுறை எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்திருக்கிறது. அதை வரவழைத்தவன் நான்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாய் கேட்டது உண்மைதான். 1559ல் நான்காம் பவுல் என்ற போப்பாண்டவர், தடை செய்யப்பட்ட புத்தகங்களின் முதல் பட்டியலை ரோமாபுரியில் வெளியிட்டார். ஐரோப்பாவில் அச்சு வந்து நூறு வருடம் ஆகியிருந்தது. கையால் எழுதிய காலத்தில் ஒரு புத்தகத்தைப் பிடித்து எரித்தால் அதோடு தீர்ந்தது. அச்சு வந்தபின் ஒன்றை எரித்தால் ஆயிரம் பிரதி வேறெங்கோ விற்கிறது. மார்ட்டின் லூத்தர் எழுதியவை அப்படித்தான் பரவின. அந்தப் பயத்தில் பிறந்தது இந்தப் பட்டியல். திரெந்து சங்கம் முடிந்த கையோடு 1564ல் அதைத் திருத்தி, பத்து பொது விதிகளும் சேர்த்தார்கள். 1571ல் இதைக் கவனிக்கவே தனியாக ஒரு குழு. கடைசிப் பதிப்பு வந்தது 1948ல். அதில் ஏறக்குறைய 4000 தலைப்புகள். 1966 ஜூன் மாதம், ஆறாம் பவுல் காலத்தில், இனி இது சட்டமல்ல என்று அறிவித்தார்கள். ஆக, 400 வருடத்துக்கு மேல்.

அந்தப் பட்டியலை ஒரு நூலகனாகப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆசிரியர் பெயர், நூலின் பெயர், தடை வந்த தேதி, எல்லாம் அகர வரிசையில். எங்கள் கார்டு கேட்டலாக்கைவிட ஒழுங்கு. உலகம் சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய கோப்பர்நிக்கஸ் 1616ல் உள்ளே போனார். 1835 பதிப்பில்தான் வெளியே வந்தார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' ஒருபோதும் பட்டியலில் ஏறவில்லை. ஹிட்லரின் சுயசரிதையும் ஏறவில்லை. ஆனால் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராப்லே' ஏறியது!

நம் வயதுக்காரர்களுக்கு அந்த நாவலை 'ஏழை படும் பாடு' என்றால்தான் தெரியும். சுத்தானந்த பாரதியார் தமிழாக்கியது. 1950ல் நாகையா நடித்துப் படமாக வந்தது. ஜாவர் சீதாராமனுக்கு அந்த 'ஜாவர்' ஒட்டிக்கொண்டது அந்தப் படத்தில்தான். அந்தப் படத்தைப் பார்த்து அழுததை என் அம்மா வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிறு பூசையும் தவறாத அம்மாவுக்கு, அந்தக் கதை அப்போது ரோமாபுரியில் தடையில் இருந்தது தெரியாது. 1959ல்தான் எடுத்தார்கள். எங்கள் பங்குச் சாமியாருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. அவரும் படம் நல்ல படம் என்றுதான் சொன்னாராம்.

பட்டியல் போனதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. இலங்கையில் திஸ்ஸ பாலசூரிய என்ற குருவானவர் மாதாவையும் மனித விடுதலையையும் பற்றி 1990ல் ஒரு நூல் எழுதினார். அதற்காக 1997 ஜனவரியில் அவரைச் சபைக்குப் புறம்பாக்கினார்கள். அடுத்த ஜனவரியில் அதை விலக்கிக்கொண்டார்கள். இடைப்பட்ட ஒரு வருடத்தில், கொழும்பு தாண்டாத அந்தப் புத்தகம் உலகமெல்லாம் அச்சாகிப் போயிற்று. நம் நாட்டு இயேசு சபைச் சாமியார் அந்தோணி டி மெல்லோ, குட்டிக் கதைகளால் பேர் பெற்றவர், இறந்து 11 வருடம் கழித்து 1998ல் அவர் நூல்களைப் பற்றி ரோமாபுரி எச்சரிக்கை விடுத்தது. அதன் பிறகு வந்த பதிப்புகளில், இவை பல மதத்தாருக்காக எழுதப்பட்டவை, கத்தோலிக்க போதனை நூல்கள் அல்ல என்ற பொருளில் ஒரு குறிப்பை முன்னால் சேர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எரிப்பதற்குக் குறிப்பு எழுதுவது எவ்வளவோ மேல்.

திருச்சபையை மட்டும் சொல்லிப் பயனில்லை. பாரதியார் பாட்டுப் புத்தகங்களை 1928ல் வெள்ளைக்கார சர்க்கார் பறிமுதல் செய்யவில்லையா? அவ்வளவு ஏன், நானே என் சர்வீஸில் ஒரு நாவலை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஊரில் பெரிய மனிதர் இரண்டு பேர் வந்து சத்தம் போட்டார்கள், அவ்வளவுதான். மேலிடத்து உத்தரவுகூட இல்லை. நல்ல திண்டுக்கல் பூட்டு. நான் மாறுதலாகிப் போகிறவரை அது திறக்கவில்லை.

சரி, பழைய கதைக்கு வருகிறேன். ரோமாபுரிப் பட்டியலில் இருந்த இத்தாலிய, பிரெஞ்சுப் புத்தகங்களால் நம் பக்கத்து மக்களுக்கு ஒரு இழப்பும் இல்லை. அவற்றை வாசிக்க ஆளே இல்லையே. புத்தகத் தடை என்பது தென்னாட்டில் உண்மையாகவே சுட்டது இரண்டு இடத்தில். ஒன்று மலையாளக் கரையில் சுரியானிப் புத்தகங்கள். இன்னொன்று தமிழ் வேதாகமம்.

எர்ணாகுளத்தில் மகன் வேலையாக இருந்தபோது, அங்கிருந்து வைக்கம் போகிற வழியில் உதயம்பேரூர் கோயிலைப் போய்ப் பார்த்தேன். நம் பஞ்சம்பட்டிக் கோயில் மாதிரி ஜனக்கூட்டம் எதிர்பார்த்துப் போனவனுக்கு ஏமாற்றம். மழை பெய்து ஓய்ந்த மத்தியானம், கோயிலில் நானும் ஒரு கிழவியும்தான். 1599 ஜூன் மாதம் 20 முதல் 26 வரை அந்த ஊர் அப்படி இருந்திருக்காது. 153 குருக்கள், 660 பொதுமக்கள் என்று மொத்தம் 813 பேர் அங்கே கூடினார்கள். கூட்டியவர் கோவா பேராயர் அலெய்சோ தெ மெனேசஸ், போர்த்துக்கீசியர்.

மலையாளக் கரையில் தோமையார் வழிக் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக இருந்தார்கள். அவர்கள் பூசை மொழி சுரியானி. ஆயர்கள் பாரசீகம், ஈராக் பக்கமிருந்து கப்பலில் வருவார்கள். கூடவே புத்தகங்களும் வரும். அந்த வழியில் கடைசியாக வந்த மார் ஆபிரகாம் 1597ல் அங்கமாலியில் இறந்துபோனார். அடுத்த ஆயர் வருவதற்குள் இவர்களை முழுக்க ரோமாபுரியின் முறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மெனேசஸ் புறப்பட்டு வந்தார். அந்தச் சங்கம் முறைப்படி செல்லுமா என்பதையே கத்தோலிக்க அறிஞர்கள் பின்னாளில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனால் கேள்வி வருவதற்கு முன் நெருப்பு வந்துவிட்டது.

சங்கத்தின் மூன்றாம் அமர்வில் 14ஆம் விதி, புத்தகங்களைப் பற்றியது. அதில் ஒவ்வொரு புத்தகமாகப் பெயர் சொல்லி, இன்னின்ன பிழை இருக்கிறது என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். மீட்பரின் குழந்தைப் பருவம் என்று ஒன்று. பிதாக்களின் புத்தகம் என்று ஒன்று. 'முத்து' என்று ஒன்று. குறி பார்க்கிற புத்தகம் ஒன்று. வானத்திலிருந்து விழுந்த கடிதம் என்று ஒன்று. பாரசீக வைத்தியம் என்ற பெயரில் பேயோட்டும் மந்திரங்கள் கொண்டது ஒன்று. இவற்றை இனி யாரும் வைத்திருக்கக் கூடாது, பெயர்க்கக் கூடாது, வாசிக்கக் கூடாது, பிறர் வாசிக்கக் கேட்கவும் கூடாது. மீறினால் சபைக்குப் புறம்பு. 'கேட்கவும் கூடாது' என்பதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற சுரியானிப் புத்தகங்களை எல்லாம் இரண்டு மாதத்துக்குள் ஒப்படைத்துத் திருத்தி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு விதி. சங்கம் முடிந்ததும் மெனேசஸ் கோயில் கோயிலாகச் சுற்றினார். போன இடமெல்லாம் புத்தகங்கள் எரிந்தன. அங்கமாலியில் ஆயர் இல்லத்தில் இருந்த சேகரமும் தப்பவில்லை.

ஒரு நூலகன் என்ற முறையில் எனக்கு உறுத்துகிற விஷயம் இது. எரிந்த புத்தகங்கள் என்னென்ன என்று இன்று ஆராய்ச்சியாளர்கள் தேடுகிறார்களே, அதற்கு அவர்கள் கையில் இருக்கிற முக்கியமான ஆதாரம் அந்த 14ஆம் விதிதான். எரித்தவர்கள் எழுதி வைத்ததே நூற்பட்டியல் ஆகிவிட்டது. 'முத்து' என்ற நூல் ஈராக் பக்கத்தில் வேறு பிரதிகள் இருந்ததால் பிழைத்தது. கேரளத்தில் வீடுகளிலும் மடங்களிலும் மறைந்துகிடந்த சுரியானிச் சுவடிகள் பலவற்றை இந்தக் காலத்து அறிஞர்கள் படமெடுத்துப் பத்திரப்படுத்தி வருகிறார்கள். யாரோ அந்த இரண்டு மாத கெடுவுக்குள் ஒப்படைக்காமல் பரணில் செருகியிருக்கிறார்கள், புண்ணியவான்கள். மக்கள் மனதில் இருந்த கோபம் 1653ல் மட்டாஞ்சேரியில் வெடித்தது. சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, இனி இயேசு சபையாருக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். கூனன் குருசு சத்தியம் என்பது அதுதான்.

இதற்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சுரியானிப் புத்தகங்களைத் திருத்தும் பொறுப்பு யாரிடம் கொடுக்கப்பட்டது தெரியுமா? பிரான்சிஸ்கோ ரோஸ் என்ற இயேசு சபைச் சாமியாரிடம். சுரியானியும் மலையாளமும் நன்றாகக் கற்றவர். அடுத்து அவரே அங்கமாலிக்கு ஆயரானார், பிறகு கொடுங்கல்லூர்ப் பேராயர். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, அந்த ரோஸ் ஆண்டகையின் அதிகாரத்தின் கீழ்தான் வேலை செய்தார். நொபிலி காவி கட்டினார், சைவம் சாப்பிட்டார், பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் விடாமலே மக்கள் ஞானஸ்நானம் பெறலாம் என்றார். உடனிருந்த பெர்னாண்டஸ் சாமியாரே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1619ல் கோவாவில் கூடி நொபிலியை விசாரித்தபோது, அவர் பக்கம் நின்றவர் ரோஸ். கடைசியில் 1623ல் பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர் நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அந்த மதுரை மிஷனில் முளைத்ததுதான் நம் திண்டுக்கல் பகுதிக் கத்தோலிக்கம் எல்லாம்.

ஒரே மனிதர். மலையாளத்தில் புத்தகத்தில் அடிக்கிறார். மதுரையில் பூணூலை விட்டுவிடுங்கள், அது பாவமில்லை என்கிறார். வெகுநாள் இது எனக்குப் புரியவில்லை. இப்போது தோன்றுவது: உடுப்பையும் குடுமியையும் அவர் ஊர் வழக்கம் என்று பார்த்தார். புத்தகத்தை அப்படிப் பார்க்க முடியவில்லை. அது பேசும் அல்லவா? தான் இல்லாத நேரத்திலும் பேசும்.

நொபிலி தொடங்கிவைத்த அந்த மலபார் சடங்குகளைப் பற்றிய சண்டை நூறு வருடத்துக்கு மேல் நீண்டது. அதில் இயேசு சபையாரைத் தாக்கிப் புதுச்சேரியில் இருந்த நார்பெர்ட் என்ற கப்புச்சின் சாமியார் ஒரு பெரிய நூல் எழுதினார். 1745ல் அதையும் ரோமாபுரி தடை செய்தது. தமிழ்நாட்டு விவகாரத்தைப் பேசி அந்தப் பட்டியலுக்குப் போன புத்தகம் அது.

இனி வேதாகமம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் முதல் புத்தகம் அச்சிட்டவர்கள் கத்தோலிக்கர்கள். 1578ல் கொல்லத்தில், அண்ட்ரிக் அடிகளார் தயாரித்த 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். ஆனால் அவர்கள் அச்சிட்டது மந்திரமும் உபதேசமும்தான், வேதாகமம் அல்ல. காரணம் அந்த 1564ஆம் வருடத்துப் பத்து விதிகளில் நாலாவது. மக்கள் மொழியில் வேதாகமம் வாசிக்க ஆயரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில்லாமல் வைத்திருந்தால், புத்தகத்தை ஒப்படைக்கிறவரை பாவமன்னிப்புக் கிடையாது.

தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த சீகன்பால்க் இதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர் லூத்தர் வழி. 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1728க்குள் பழைய ஏற்பாடும் வந்துவிட்டது. இந்தப் பக்கம் நம் வீரமாமுனிவர், தமிழுக்கு அகராதியும் காப்பியமும் தந்தவர், தரங்கம்பாடிக்காரர்களை மறுத்து உரைநடை நூல்களாக எழுதித் தள்ளினார். நம் ஊர் பெஸ்கி கல்லூரிக்கு அவர் பெயர்தான். அத்தனை தமிழ் தெரிந்த மனிதர் வேதாகமத்தை முழுதாகத் தமிழாக்கவில்லை. அது எனக்குத் தீராத வருத்தம். 1757ல் விதி கொஞ்சம் தளர்ந்தது. ரோமாபுரி ஒப்புதலும் விளக்கக் குறிப்பும் உள்ள பதிப்பை வாசிக்கலாம் என்றார்கள். நம் பக்கத்தில் பழைய ஏற்பாடு முழுவதும் கத்தோலிக்கர் கைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான். பிரிந்த சபையார் வெளியிட்ட வேதாகமத்தின் மீதிருந்த தடை மட்டும் 1917ல் வந்த திருச்சபைச் சட்டத்திலும் அப்படியே இருந்தது.

என் அப்பத்தா பிறந்தது வத்தலக்குண்டுப் பக்கம், அமெரிக்கன் மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவர்கள். அந்தக் காலத்துப் பெண்பிள்ளைக்கு அது பெரிய படிப்பு. 1920களில் எங்கள் தாத்தாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தாத்தா ஆர்.சி. பழைய சபையை விட்டுவிட்டேன் என்று கோயிலில் சொல்லிய பிறகுதான் தாலி ஏறியது. அப்பத்தா எல்லாவற்றையும் விட்டார்கள், ஒன்றைத் தவிர. தகரப்பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கருப்பு அட்டை போட்ட வேதப்புத்தகம்.

மத்தியானம் ஆம்பிளைகள் புகையிலைக் கிட்டங்கிக்குப் போனபிறகு அது வெளியே வரும். விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டே மெல்லிய குரலில் வாசிப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டே கேட்பேன். யோனாவை மீன் விழுங்கியது, தாவீது கவண்கல் எறிந்தது எல்லாம் எனக்கு அந்தக் குரலில்தான் தெரியும். எழுத்துக் கூட்டப் பழகியதும் அந்தப் பக்கங்களில்தான். ஒருவேளை நான் நூலகன் ஆனதுகூட அங்கேதான்.

இங்கே மற்ற மதத்து நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆர்.சி. தமிழும் மிஷன் தமிழும் வேறு வேறு. எங்களுக்குச் சேசுநாதர், அவர்களுக்கு இயேசு. எங்களுக்குச் சர்வேசுரன், அவர்களுக்குத் தேவன். அவர்கள் பேதுரு என்றால் நாங்கள் இராயப்பர் என்போம். அவர்கள் பவுல், நாங்கள் சின்னப்பர். அவர்கள் யோவான், நாங்கள் அருளப்பர். ஒரு வார்த்தை வாயில் வந்தால் போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

1958ல் எனக்கு எட்டு வயது. புதுநன்மைக்கு எங்களைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். எந்தக் கோயில் என்பது இப்போது வேண்டாம். உபதேசியார் கேட்டார்: "சேசுநாதருக்குப் பிரியமான சீடர் யாரு?" எல்லாப் பிள்ளைகளும் யோசித்துக்கொண்டிருக்க, நான் முந்திக்கொண்டு எழுந்து, "யோவான்" என்றேன்.

"யாருடா ஒனக்கு இப்பிடிச் சொல்லிக்குடுத்தது?"

"எங்க அப்பத்தா புத்தகத்துல இருக்குங்கய்யா."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். சத்தம் எதுவும் போடவில்லை. நல்ல மனிதர், திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அம்மா, அந்தப் புத்தகம் வீட்டுல இருக்கக் கூடாதுங்க. சாமியார் சொல்லிட்டாரு. குடுத்தாத்தான் பாவசங்கீர்த்தனம் கேப்பாராம்," என்றார். அப்பத்தா பதில் சொல்லவில்லை. தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பத்தா புத்தகத்தைக் கொடுக்கவும் இல்லை.

அதன் பிறகு மூன்று மாதம், ஞாயிறு பூசையில் எல்லாரும் நன்மை வாங்கக் கிராதிக்குப் போகும்போது அப்பத்தா மட்டும் உட்கார்ந்த இடத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருப்பார்கள். பாவசங்கீர்த்தனம் இல்லாமல் நன்மை வாங்க முடியாது. ஊர் பார்க்கும். ஊர் பேசும். எனக்கு ஏன் என்று அரைகுறையாகப் புரிந்தது. வீட்டில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

என் புதுநன்மைக்கு முந்தின நாள், அப்பத்தா புத்தகத்தை ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது துணி மட்டும் இருந்தது. மறுநாள் எனக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு நன்மை வாங்கினார்கள். பேரன் நன்மை வாங்குகிற நாளில் தான் ஒதுங்கி உட்கார்ந்திருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, வேறென்ன? அந்தப் புத்தகத்தை எரித்தார்களா, ஆயருக்கு அனுப்பினார்களா, பரணில் போட்டார்களா, கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பின் எங்கள் வீட்டு மத்தியானங்களில் வெற்றிலை இடிக்கிற சத்தம்தான்.

1564ஆம் வருடத்து நாலாவது விதியை நான் வாசித்தது வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்து. 'ஒப்படைக்கிறவரை பாவமன்னிப்புக் கிடையாது' என்ற இடத்தில் நிறுத்தி மூடி வைத்துவிட்டேன். நானூறு வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் எழுதியது, வரிக்கு வரி எங்கள் திண்ணையில் நடந்திருக்கிறது. உபதேசியாருக்கு அந்த விதி தெரியாது. சாமியார் சொன்னார், இவர் வந்தார்.

1966ல் பட்டியலை எடுத்துவிட்ட செய்தி எனக்கு எட்டியபோது நான் கல்லூரிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தேன். அப்பத்தாவிடம் ஓடிப்போய், "அப்பத்தா, வாசிக்கக் கூடாதுன்னு போட்டிருந்த சட்டத்தையெல்லாம் ரோமாபுரில எடுத்துட்டாங்களாம்," என்றேன்.

அப்பத்தா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப எம்புத்தகத்தத் தருவாகளா?" என்று கேட்டார்கள்.

போய்க் கேட்டேன். அந்தச் சாமியார் மாறுதலாகிப் போயிருந்தார், உபதேசியார் இறந்துவிட்டார். புதிதாக வந்த இளம் சாமியார் பீரோவெல்லாம் திறந்து காட்டினார், பாவம். ஒன்றும் இல்லை.

முதல் சம்பளத்தில் மதுரைக்குப் போய் அதே கருப்பு அட்டையில் ஒரு வேதாகமம் வாங்கி வந்தேன். அதற்குள் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அட்டையைத் தடவிப் பார்த்து, பக்கத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, "நீ வாசி," என்றார்கள். நான் வாசித்தேன். பல இடங்களில் நான் ஒரு வரியை முடிப்பதற்குள் அடுத்த வரியை அவர்களே சொன்னார்கள். பதினைந்து வருடம் புத்தகம் இல்லாமல் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. 1976ல் காலமானார்கள். அந்தப் புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது.

1995ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு வந்தது. அதோடு இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் எங்கள் வேதாகமத்திலிருந்து விடைபெற்றுக்கொண்டார்கள். பழைய பெயர்களில் எனக்கும் ஒரு பிரியம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஈஸ்டர் காலத்தில் ஒரு ஞாயிறு, எங்கள் கோயிலில் இரண்டாம் வாசகம் வாசிக்கும் முறை என் பேத்திக்கு வந்தது. ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு வளைத்துக்கொண்டு, யோவான் எழுதிய முதல் திருமுகத்திலிருந்து வாசகம் என்று கணீரென்று ஆரம்பித்தாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எனக்கு முன்வரிசையில் ஒருவர் கொசுவை அடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.